சிசேரியனுக்கு முன் மெலடோனின் மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வரும் குடும்பங்கள் இப்போது மெலடோனின் என்ற பெயரைச் சொல்லி விசாரிக்கிறார்கள். சிலருக்கு மயக்க டாக்டரே சீட்டில் எழுதியிருப்பார். சிலருக்கு அக்கம்பக்கத்தில் யாரோ, "இதைப் போட்டா வலியே தெரியாதுங்க" என்று சொல்லியிருப்பார்கள். நாளும் பொழுதும் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. உங்கள் உடம்புக்கு இந்த மாத்திரை சரிதானா என்பதை உங்கள் மகப்பேறு டாக்டரும் மயக்க டாக்டரும்தான் சொல்ல வேண்டும். அவர்களிடம் எதைக் கேட்பது, எதைச் சொல்ல மறக்கக்கூடாது என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

மெலடோனின்னா என்னங்க, தூக்க மாத்திரைங்களா?

மூளையின் நடுவில் பயறளவு இருக்கும் பினியல் சுரப்பி, இருட்டியதும் சுரக்கும் ஹார்மோன் இது. 1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரோன் லெர்னர் இதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். வெளிச்சம் கண்ணில் பட்டால் சுரப்பு குறையும், இருட்டில் கூடும். ‘இரவு வந்துவிட்டது’ என்று உடம்புக்குச் சொல்வதுதான் இதன் முதல் வேலை. ஆளை அடித்துப்போட்டதுபோலத் தூங்கவைக்கும் மாத்திரைகளின் வகை வேறு.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் இரவு நேர அளவு தானாகவே ஏறும். நஞ்சுக்கொடியும் கொஞ்சம் தயாரிக்கிறது. வயிற்றுக் குழந்தையால் தானாக இதைத் தாளகதியோடு சுரக்க முடியாது. எது பகல், எது இரவு என்று அதற்கு அம்மாவின் ரத்தம் வழியாகத்தான் தெரிகிறது.

ஆபரேஷனுக்கு முன்னாடி இதை எதுக்குங்க கொடுக்கறாங்க?

முதல் காரணம் பயம். முதுகில் ஊசி போட்டுத் தாய் விழித்திருக்கும்போதே செய்யும் ஆபரேஷன் இது. மற்ற ஆபரேஷன்களுக்கு முன் படபடப்பைக் குறைக்க மிடாசோலம் போன்ற மருந்து கொடுப்பார்கள். சிசேரியனில் அது குழந்தையை மந்தப்படுத்தலாம், குழந்தையின் முகத்தை முதலில் பார்த்த நேரமே தாயின் நினைவில் நிற்காமலும் போகலாம். திட்டமிட்ட சிசேரியனுக்கு முன் மயக்கம் தரும் மருந்து வேண்டாம் என்று, ஆபரேஷனுக்குப் பிந்தைய விரைவுத் தேறுதலுக்கான ஈராஸ் சங்கத்தின் வழிகாட்டியும் சொல்கிறது. அதனால்தான் இதமான ஒரு மாற்றாக மெலடோனினைப் பலரும் பார்க்கிறார்கள்.

இரண்டாவது வலி. தண்டுவடத்திலும் மூளையிலும் மெலடோனின் ஏற்பிகள், அதாவது இது வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்கள், இருக்கின்றன, வலிச் செய்தியின் வீரியத்தைக் கொஞ்சம் தணிக்கும் தன்மை இதற்கு உண்டு. பயம் குறைந்தாலே வலி உணர்வும் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தூக்கம். பெரிய ஆபரேஷன் நடந்த முதல் இரவில் உடம்பின் சொந்தச் சுரப்பு இறங்கிவிடும். வார்டில் விடிய விடிய எரியும் டியூப் லைட்டும், பிரஷர் பார்க்க வரும் சிஸ்டரும், பசித்து அழும் குழந்தையும் சேர்ந்தால் அந்த இரவு அநேகமாக விழிப்பிலேயே கழியும்.

கர்ப்பப்பைத் தசையிலும் இதன் ஏற்பிகள் உண்டு. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோனோடு சேர்ந்து சுருக்கத்தைக் கூட்டுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அதை வைத்து ரத்தப்போக்கு குறையுமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனாலும் குழந்தை பிறந்ததும் போடும் ஆக்சிடோசின் ஊசிக்கு இது ஒருநாளும் ஈடாகாது.

இது நிரூபணம் ஆயிருச்சுங்களா?

பாதிதான் ஆகியிருக்கிறது. பொதுவாக ஆபரேஷனுக்கு முந்தைய பதற்றத்தை மெலடோனின் குறைக்கக்கூடும் என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பாய்வு சொல்கிறது. மிடாசோலம் வகை மருந்துகளோடு ஒப்பிட்டதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் பலவகை ஆபரேஷன்காரர்கள். சிசேரியனை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வுகள் சிறியவை. ஒவ்வொன்றிலும் அளவு வேறு, கொடுத்த நேரம் வேறு. முதல் வலி மருந்தைக் கேட்கும் நேரம் தள்ளிப்போவதும், மொத்த வலி மருந்து கொஞ்சம் குறைவதும் சிலவற்றில் தெரிந்திருக்கிறது. ஈராஸ் சங்கத்தின் சிசேரியன் வழிகாட்டியில் மெலடோனின் இடம்பெறவில்லை. உங்கள் டாக்டர் எழுதவில்லை என்றால் எதையோ விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

எத்தனை மில்லிகிராம், எந்நேரத்துக்குங்க?

ஆய்வுகளில் அதிகம் பயன்பட்டவை 3 மி.கி.யும் 6 மி.கி.யும். 10 மி.கி. வரையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அளவைக் கூட்டினால் பலன் அதே கணக்கில் கூடுவதில்லை. தலைவலியும் மந்தமும்தான் கூடும். முதல்முறை சாப்பிடும் கர்ப்பிணிக்கு 3 மி.கி.யே நிதானமான அளவு என்பது எங்கள் கருத்து.

விழுங்கும் மாத்திரை என்றால் முதுகு ஊசிக்கு 60 முதல் 90 நிமிடம் முன்பும், நாக்கடியில் கரையும் மாத்திரை என்றால் 20 முதல் 30 நிமிடம் முன்பும் கொடுப்பது வழக்கம். விழுங்கியதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும், சராசரியாக 15 சதவீதம்தான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். ஒரே மாத்திரை ஒருத்தியை அசத்துவதும் இன்னொருத்திக்கு ஒன்றும் செய்யாமல் போவதும் இதனால்தான். ரத்தத்தில் சேர்ந்தது ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே ஒரு வேளை மாத்திரையின் வேலை நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மெதுவாகக் கரையும் வகை இதற்கு ஆகாது. ஐரோப்பாவில் 2007-ல் அனுமதி பெற்ற 2 மி.கி. மெதுகரை மாத்திரை 55 வயது தாண்டியவர்களின் தூக்கக் குறைவுக்கானது. அட்டையில் ‘எஸ்ஆர்’ அல்லது ‘பிஆர்’ என்று இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நல்ல நேரம் காலைல 6 மணிங்க. அப்ப எப்படிங்க கணக்குப் பண்றது?

நம் பக்கம் இது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. 6 மணிக்குக் கத்தி வைக்க வேண்டும் என்றால் 5.45-க்கு முதுகு ஊசி. அப்படியானால் மாத்திரை 4.30 வாக்கில். இட்லி, இடியாப்பம், சந்தகை மாதிரி லேசான சாப்பாட்டை முந்தைய இரவு 11.30-க்குள் முடித்திருக்க வேண்டும், ஒன்பது மணிக்கே முடித்தால் இன்னும் நல்லது. கறி, புரோட்டா மாதிரி எண்ணெய்ப் பதார்த்தம் செரிக்க 8 மணி நேரம் ஆகும், அன்று ராத்திரி அது வேண்டவே வேண்டாம். தண்ணீரை ஊசிக்கு 2 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும். மாத்திரைக்கு மட்டும் மயக்க டாக்டர் சம்மதித்தால் ஒரு மடக்கு, அதாவது 30 மில்லி போதும்.

ஒன்றை மட்டும் மனசார வேண்டுகிறோம். மணியை வேண்டுமானால் பாருங்கள். நாளைப் பார்த்து 39 வாரத்துக்கு முன்னால் இழுக்காதீர்கள். டாக்டர் சொல்லும் காரணம் இல்லாமல் 37, 38 வாரத்தில் எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் அதிகம் வருகிறது. அதை எந்த மாத்திரையாலும் ஈடுகட்ட முடியாது.

பால்ல போட்டுக் கொடுத்தா ஆகாதுங்களா? வெறும் வயித்துல புண்ணாகாதுங்களா?

பால் கூடவே கூடாது. பார்க்கத் தண்ணீர்போல இருந்தாலும் பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கெட்டியாகிவிடும், அதனால் அதைச் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். ‘மாத்திரை சூடு’ என்று நினைத்து அம்முச்சி ஆசையாகக் கொடுத்த அரை டம்ளர் பாலுக்காக ஆபரேஷன் 6 மணி நேரம் தள்ளிப்போகும், நல்ல நேரமும் போய்விடும். அவசரம் வந்து முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் அந்தப் பால் நுரையீரலுக்குள் போகும் அபாயமும் உண்டு. பால் ஊற்றிய காப்பிக்கும் மோருக்கும் கம்பங்கூழுக்கும் இதே பேச்சுதான். வெறும் வயிற்றில் மெலடோனின் புண் செய்யாது.

குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?

மெலடோனின் நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் கடக்கும். ஆஸ்திரேலியாவில் கடுமையான கர்ப்பகால ரத்த அழுத்தம் வந்த 20 பேருக்கு நாளொன்றுக்கு 30 மி.கி. கொடுத்துப் பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். தாய்க்கோ குழந்தைக்கோ கேடு எதையும் அதில் காணவில்லை. 20 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, மறுக்கவில்லை. அதோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு 3 மி.கி. சின்ன அளவு. பிறந்ததும் குழந்தை டாக்டர் அழுகை, நிறம், மூச்சு எல்லாம் பார்ப்பார். நீங்கள் மெலடோனின் எடுத்திருப்பதை அவரிடமும் சொல்லச் சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பதில் மாற்றமில்லை.

யாருக்கெல்லாம் கூடாதுங்க?

இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலில் பிரஷர் மாத்திரை. கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கு நம் ஊரில் நிஃபெடிபின் நிறையப் பேருக்கு ஓடுகிறது. மெலடோனின் பொதுவாகப் பிரஷரைக் கொஞ்சம் இறக்கும் குணமுடையது என்பதால், ‘பிரஷர்காரிக்கு இரட்டை லாபம்’ என்று கணக்குப் போடுவார்கள். நடப்பது நேர்மாறு. நிஃபெடிபின் சாப்பிட்டு வந்த பிரஷர் நோயாளிகளுக்கு இரவில் 5 மி.கி. மெலடோனின் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-ல் வெளியானது. பிரஷர் மேலே சுமார் 6, கீழே சுமார் 5 புள்ளி ஏறியிருந்தது. அவர்கள் கர்ப்பிணிகள் அல்லர், கொடுத்ததும் பல நாள். ஆனால் 150/100-ல் தள்ளாடும் ஒரு தாய்க்கு அந்த ஐந்தாறு புள்ளி சாதாரணம் இல்லை. உங்கள் மாத்திரை அட்டையையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "வெள்ளைக் கலர்ல ஒண்ணு" என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

அடுத்தது ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியும் மாத்திரையும். அவற்றின் கடைசி வேளை எப்போது என்பது முதுகு ஊசிக்கே முக்கியம், மெலடோனின் அதற்குப் பிறகுதான். மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் ஃப்ளுவாக்ஸமின் இதன் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். வலிப்பு நோய், கல்லீரல் கோளாறு, லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய், உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய மருந்துகள் இருந்தால் டாக்டர் தெளிவாகச் சம்மதிக்காமல் தொடக்கூடாது.

கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மெலடோனின் ஏறியிருக்கும் நேரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை வழக்கத்தைவிடக் கூடலாம். ஆரோக்கியமான பெண்களிடமே 5 மி.கி.க்கு அது தெரிந்திருக்கிறது. முந்தைய இரவு எடுப்பதாக இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்து எடுங்கள்.

மருந்துக்கடையில நாங்களே வாங்கிக்கலாங்களா?

வேண்டாமுங்க. கடையில் 3, 5, 10 மி.கி. எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். சில அட்டைகளில் மெலடோனினோடு சோல்பிடெம் என்ற நிஜத் தூக்க மருந்தும் கலந்திருக்கும். பெட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் மெலடோனின் என்றுதான் தெரியும், கலவை பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். பிரசவத்துக்குப் போகும் பெண் அதைச் சாப்பிட்டால் தாயும் மந்தம், குழந்தையும் மந்தம்.

மிட்டாய்போல வரும் கம்மிகள் இன்னும் மோசம். அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 25 கம்மி வகைகளைச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். 22-ல் அட்டையில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை, இன்னொன்றில் எழுதியதைப் போல மூன்றரை மடங்கு. வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் அன்பாகக் கொண்டுவந்த டப்பாவை அப்படியே வைத்துவிடுங்கள்.

ஆபரேஷன் ஆன பின்னாடி தலை வலிக்குதுங்க. மாத்திரையாலயா?

இருக்கலாம். ஆனால் அப்படி நினைத்து விட்டுவிடக்கூடாத வலிகள் இரண்டு உண்டு. மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மெலடோனின் தலைவலி அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள் வரும். தலை பாரமாக, மந்தமாக இருக்கும். படுத்தாலும் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி. பாரசிட்டமாலுக்குக் கேட்கும், மறுநாள் இருக்காது.

முதுகு ஊசித் தலைவலி பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாள் தொடங்கும். எழுந்து உட்கார்ந்த சில நிமிடங்களில் நெற்றியும் பிடரியும் இழுத்துப் பிடிக்கும், படுத்ததும் விட்டுவிடும். கழுத்து விறைப்பு, காதில் இரைச்சலும் வரலாம். ஊசித் துளை வழியே தண்டுவட நீர் கசிவதால் வருவது இது. மயக்க டாக்டரிடம் சொன்னால் மருந்தும், தேவைப்பட்டால் வேறு சிகிச்சையும் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது பிரஷர் தலைவலி. கண்முன் மின்னல், மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழ் வலி, முகமும் கையும் வீக்கம் இவற்றோடு வரும். குழந்தை பிறந்துவிட்டதே, இனி பிரஷர் எங்கே வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். பிரசவமாகி ஆறு வாரம் வரை வரலாம். அப்போதே பிரஷர் பார்க்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இது போட்டா வலி மாத்திரை, ஊசி எல்லாம் வேண்டியதில்லைங்களா?

அவசியம் வேண்டும். சிசேரியன் வலியைத் தாங்கிப் பிடிப்பவை பாரசிட்டமாலும் ஐபுபுரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக்கும், சில இடங்களில் முதுகு ஊசியோடு சேர்க்கும் மிகச் சிறிய அளவு மார்ஃபினும். மெலடோனின் அவற்றுக்குப் பக்கத்துணை மட்டும்.

பாரசிட்டமாலை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம், கடிகாரம் பார்த்துக் கொடுப்பார்கள். நாளுக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. வலி வந்தபின் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று முதல் இரண்டு நாளைத் தள்ளினால், வலி முந்திக்கொள்ளும். பிறகு எத்தனை போட்டாலும் பிடிக்கு வராது. ‘வலி மாத்திரை போட்டால் பால் கெட்டுவிடும்’ என்று பிள்ளை பெற்றவளைத் தவிக்கவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இந்த இரண்டு வகை மருந்தும் பாலில் மிகக் குறைவாகவே போகும். வலியில் சுருண்டு படுத்தால்தான் பால் கொடுக்க முடியாமல் போகிறது. சிறுநீரகக் கோளாறு, கடுமையான பிரஷர், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு மட்டும் ஐபுபுரோஃபென் வகையை டாக்டர் யோசித்துத்தான் தருவார்.

தேறுவதற்கு இன்னொரு பாதி, எழுந்து நடப்பது. ஆறு முதல் எட்டு மணி நேரத்தில், இரண்டு காலையும் தானாகத் தூக்க முடிகிறதா என்று சிஸ்டர் பார்த்தபின் எழலாம். மல்லாந்தபடியே உந்தி எழுந்தால் தையலில் நேரே இழுக்கும். இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். ஒரு பக்கமாகப் புரளுங்கள். சின்னத் தலையணையைத் தையல்மேல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விடுங்கள். கால் இறங்க இறங்க மறுகையை ஊன்றி உடம்பை மேலே தள்ளுங்கள். உட்கார்ந்து இரண்டு மூன்று நிமிடம், தலை சுற்றவில்லை என்றால் எழுந்து நிற்கலாம். இரவில் மெலடோனின் எடுத்திருந்தால் துணை இல்லாமல் பாத்ரூம் போகக்கூடாது.

திடீர்னு அவசரமா ஆபரேஷன்னு சொல்லிட்டாங்கன்னா?

மெலடோனினை மறந்துவிடுங்கள். அதற்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

மாத்திரை இல்லாம உடம்பையே சுரக்க வைக்க முடியாதுங்களா?

முடியும். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் வீட்டை ஒட்டியே தறி ஓடும். விடிய விடிய டியூப் லைட்டும் தறிச்சத்தமும். திருப்பூரில் பனியன் கம்பெனி நைட் ஷிப்ட் முடித்துவிட்டுக் கணவர் நடுச்சாமத்தில் வந்து லைட்டைப் போடுவார். இவை தவிர ஆளுக்கொரு செல்போன். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே இரவு பத்து முதல் காலை ஐந்து வரை படுக்கும் அறையை இருட்டாக்குங்கள். தறிப்பக்க ஜன்னலுக்குக் கனமான போர்வையை இரண்டாக மடித்துக் கட்டினால் வெளிச்சமும் நிற்கும், சத்தமும் கொஞ்சம் அடங்கும். பால் கொடுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் மஞ்சள் நிறச் சின்ன பல்பைத் தரையோடு தாழ்வாக வையுங்கள். சாயங்காலக் காப்பியை நான்கு மணியோடு நிறுத்துங்கள். ஆஸ்பத்திரியில் லைட்டை அணைக்க முடியாவிட்டால் கண்ணுக்கு மெல்லிய துணி போதும்.

பிரசவித்தவளைப் பகலிலும் கதவடைத்து இருட்டறையில் வைப்பது சில வீடுகளில் வழக்கம். அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் அரைமணி நேரம் வாசலிலோ திண்ணையிலோ வெளிச்சத்தில் உட்கார்ந்தால்தான் அன்றிரவு சுரப்பு சரியாக வரும். குழந்தைக்கும் பகல் எது, இரவு எது என்று பிடிபடும். அதற்குச் சொந்தத் தாளகதி அமைய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை இரவில் சுரக்கும் தாய்ப்பால் வழியே கொஞ்சம் மெலடோனின் போகிறது. பால் பீய்ச்சி வைப்பவர்கள் டப்பாமேல் நேரம் எழுதி, இரவுப் பாலை இரவிலேயே கொடுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்னாடியும் மாத்திரையைத் தொடரலாங்களா? லேகியத்தோட சாப்பிடலாங்களா?

தாங்களாகத் தொடர வேண்டாம். தாய் அசந்து தூங்கினால் பக்கத்தில் கிடக்கும் குழந்தைமேல் கை கால் விழுந்தாலும் தெரியாது. குழந்தை தூங்கும் நேரத்திலும் தூக்கம் வரவில்லை, அழுகையாக வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரம் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வேறு மருத்துவம் இருக்கிறது, நல்ல குணமும் கிடைக்கிறது.

லேகியம் ஆபரேஷன் அன்று வேண்டாம். பிறகு டாக்டரிடம் என்னென்ன சேர்ந்தது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடலாம். செலவு ரசம், பூண்டுக் குழம்பு, அரிசிம்பருப்புச் சோறு எல்லாம் தாராளமாக. பத்தியம் என்று தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். பால் கொடுப்பவளுக்கு நாளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் வேண்டும். குறைந்தால் மலம் இறுகும், முக்கினால் தையல் வலிக்கும்.

எதுக்கெல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணுங்க?

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால். தையலில் சீழ், நாற்றம், சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தால். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால். மேலே சொன்ன பிரஷர் தலைவலி வந்தால், வலிப்பு வந்தால். 108-க்குக் கூப்பிட்டு, ‘சிசேரியன் ஆகி இத்தனை நாள்’ என்பதை முதலில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் ஓடும் மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கதவோரம் மாட்டி வையுங்கள்.